மறு: குடியேறிகள் விஷயத்தில் ‘தன்மயமாதல்’ சரிவருமா?

> அமெரிக்கக் குடியேறிகளைப் பற்றி எழுதும்போது அசிமிலேஷனுக்குத் ‘தன்மயமாதல்’ என்றே போட்டுவிடலாமே? பாடநூலில் இருக்கிற சொல்தானே.

வணக்கம் ஐயா. அசிமிலேஷன் என்றால் குடியேறியவர்கள் புதிய நாட்டுச் சமூகத்தோடு கலந்துபோவது. பாடநூலில் ‘தன்மயமாதல்’ உயிரியல் பாடத்துச் சொல். உட்கிரகித்த உணவு உடலின் பகுதியாகிவிடுவதைக் குறிக்கிறது. மனிதர்களுக்கு அதை வைத்தால் அமெரிக்கா தின்கிறது, வந்தவர் செரிக்கப்படுகிறார் என்றாகிவிடும். அப்படிச் செரிக்கப்படுகிறாரா என்பதுதான் விவாதமே. ஒரு தரப்பின் விடையைச் சொல்லுக்குள்ளேயே ஒளித்துவைக்கக் கூடாது.

அப்படி நடந்ததும் உண்டு. 1914இல் ஃபோர்டு கம்பெனி வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. பட்டமளிப்பு விழா மேடையில் பிரம்மாண்டமான அண்டா ஒன்று இருக்கும். தொழிலாளர்கள் சொந்த நாட்டு உடையில் கப்பலிலிருந்து இறங்கி அதற்குள் போவார்கள். ஆசிரியர்கள் நீளக் கரண்டியால் கிண்டுவார்கள். அப்புறம் கோட்டு சூட்டில், கையில் அமெரிக்கக் கொடியோடு வெளியே வருவார்கள். 1918இல் அயோவா மாநில ஆளுநர் ஹார்டிங், தொலைபேசியில்கூட ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டார். இதற்கெல்லாம் பிறவினைதான் பொருந்தும்: ‘பண்பாட்டுக் கரைப்பு’.

ஆனால் சமூகவியலாளர்கள் ரிச்சர்ட் ஆல்பாவும் விக்டர் நீயும் 2003இல் வாதிட்டது வேறு. வந்தவர்கள் மாறும்போது மைய நீரோட்டமும் மாறுகிறது என்றார்கள். ஒருகாலத்தில் கத்தோலிக்கர்களை அந்நியராகப் பார்த்த நாடு 1960இல் கென்னடியைத் தேர்ந்தெடுத்தது. அவர் தன் மதத்தை விட்டுவிட்டு வரவில்லை. யார் யாருக்குள் கலந்தார் என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லாத சொல் இங்கே வேண்டும். ‘ஒன்றுகலப்பு’ என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை.

> ‘ஒருங்கிணைவு’ போதாதா?

போதாது. அது இன்டகிரேஷனுக்கு நிலைத்துவிட்டது. தனி அடையாளத்தோடு வேலை, பள்ளி, அரசியல் எல்லாவற்றிலும் இடம்பெறுவதும் அதில் அடங்கும்.

> சரி, செக்மென்டட் அசிமிலேஷனுக்கு?

அது 1993இல் சமூகவியலாளர்கள் போர்டெஸும் மின் ஜோவும் முன்வைத்த கருத்து. எந்த அமெரிக்காவோடு கலக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி. மயாமியின் ஏழைப் பகுதிப் பள்ளியில் ஹெய்ட்டிப் பிள்ளைகள் சக மாணவர்களோடு ஒன்றுகலந்தால், பெற்றோர் நினைத்த முன்னேற்றம் கைநழுவக்கூடும். கலிபோர்னியாவின் பஞ்சாபி சீக்கியப் பிள்ளைகளோ தங்கள் சமூகத்தை விடாமலே படிப்பில் முன்னேறினார்கள். ‘பகுதி ஒன்றுகலப்பு’ என்றால் பாதிதான் கலந்தார்கள் என்று தொனிக்கும். பாதைகள் பிரிவதால் ‘கிளைவழி ஒன்றுகலப்பு’ என்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.