ஓய்வுக்கு 14 மாதம்: தோட்டம், பறவை, வானம், கல்வெட்டு, வீணை – எதை எப்போது தொடங்குவது?

மலைக்கோட்டை_பக்கம்:

பணி ஓய்வுக்கு இன்னும் 14 மாதம். திருவெறும்பூரில் தனி வீடு, 600 சதுர அடி மொட்டைமாடி, நாள் முழுக்க வெயில். பட்டியல் தலைப்பிலேயே இருக்கிறது. "ஒன்றைப் பிடித்து உருப்படியாகச் செய்" என்பதுதான் கேட்கும் இடமெல்லாம் கிடைக்கும் பதில். எனக்கு ஐந்தும் வேண்டும். எதிலும் மேடை ஏறும் உத்தேசம் இல்லை.

மூன்று சந்தேகம். பணியில் இருக்கும்போதே தொடங்கியாக வேண்டியது எது? பறவை பார்க்க நாலு நாள் வெளியூர் போனால் செடி என்ன ஆகும்? பொருள் வாங்கும்போது எங்கே ஏமாறுவோம்? முழங்கால் கொஞ்சம் தகராறு. கண்ணாடி போட்டிருக்கிறேன்.

மொட்டைமாடி_மண்:

இரண்டாவது கேள்விதான் முக்கியம் சார். பட்டியலில் வீட்டோடு கட்டிப்போடுவது தோட்டம் ஒன்றுதான். அதற்கு வழி செய்துவிட்டால் மற்ற நான்கும் தானாக இடம் பிடித்துக்கொள்ளும்.

முதல் பட்டத்துக்கு (விதைப்புப் பருவம்) 12 பைக்கு மேல் வேண்டாம். கத்தரி, மிளகாய், தக்காளிக்கு 12×12 அங்குலப் பை போதும். பைக்கு 18 லிட்டர் கலவை பிடிக்கும். 5 கிலோ தேங்காய் நார்த்தூள் கட்டி ஒன்றை ஊறவைத்தால் சுமார் 70 லிட்டராக உப்பும். அதோடு செம்மண் 70 லிட்டர், மட்கிய தொழுவுரம் 70 லிட்டர், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. 12 பைக்குக் கணக்குச் சரியாக வரும். நார்த்தூளை இரண்டு முறை தண்ணீர் மாற்றி அலசிப் பிழியாமல் கலக்காதீர்கள். அதில் இருக்கும் உப்புதான் இலை ஓரம் கருகுவதற்குக் காரணம். பலர் அதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பார்கள். மட்காத சாணம் போட்டால் வேர் வெந்துபோகும், வேர்ப்புழுவும் வரும்.

பைகளை ஒன்றரை அடி இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள். முழங்காலுக்கும் நல்லது, தளத்துக்கும் நல்லது.

இப்போது தண்ணீர். 200 லிட்டர் டிரம் (கறுப்பு அல்லது நீலம், வெளிச்சம் புகும் டிரம்மில் பாசி பிடிக்கும்), 120 மெஷ் ஃபில்டர், 16 மி.மீ. கறுப்புக் குழாய், பைக்கு ஒரு ட்ரிப்பர் (தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் மூக்கு). சறுக்குகிற இடங்கள் இரண்டு.

ஒன்று, ட்ரிப்பர். "4 லிட்டர்" என்று எழுதியிருப்பது 1 பார் அழுத்தத்தில், ஒரு மணி நேரத்துக்கு. ட்ரிப்பருக்கு மேலே தண்ணீர் மட்டம் 1 மீட்டர் இருந்தால் கிடைப்பது 0.1 பார்தான். அப்போது சொட்டுவது மணிக்கு ஒன்றே கால் லிட்டர். ஆகவே பைக்கு ஒன்றரை லிட்டர் வேண்டுமானால் 70 நிமிடம் ஓடவேண்டும். டிரம் காலியாகக் காலியாக இன்னும் குறையும். கணக்கைப் பாதி டிரம் மட்டத்தில் போடுங்கள். அழுத்தத்தைச் சமன்செய்யும் விலை கூடிய ட்ரிப்பர் இந்த அழுத்தத்தில் வேலையே செய்யாது. சாதாரண வகைதான் வேண்டும்.

இரண்டு, டைமர். கடையில் முதலில் எடுத்துக்கொடுப்பது சொலினாய்டு (மின்காந்த வால்வு) வகையாக இருக்கும். அது திறக்கக் குழாயில் அழுத்தம் வேண்டும். டிரம் தண்ணீரில் மூடியே கிடக்கும், அல்லது திறந்தால் மூடாது. பால் வால்வு (ball valve, உள்ளே உருண்டை திரும்பித் திறப்பது) வகை என்று கேட்டு வாங்குங்கள், அழுத்தமே இல்லாவிட்டாலும் ஓடும்.

பின்னால் 30 பை வரை பெருக்கினால் நாளைக்கு 45 லிட்டர், 200 லிட்டர் நாலு நாளைக்குத் தாங்கும். சித்திரை வெயிலில் பைக்கு 2 லிட்டர் ஆகிவிடும், மூன்று நாள்தான். பைமேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகும் தலைக்குமேல் 50 சத நிழல்வலையும் இருந்தால் இன்னும் அரை நாள் இழுக்கலாம். போர் தண்ணீர் உப்பானால் ட்ரிப்பர் வாயில் வெள்ளை படியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து தண்ணீரை ஓடவிடுங்கள். அடைத்த ட்ரிப்பரை வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். ஊருக்குப் போகும் முந்தின நாள் டைமருக்குப் புது பேட்டரி. வாடிப்போன தோட்டங்களில் பாதி இதில்தான் போயிருக்கும்.

மாவுப்பூச்சிக்கு: லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைய 2 மி.லி. சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும். வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும்.

கூழைக்கடா:

பறவைக்கும் வானத்துக்கும் ஒரே பைனாகுலர் போதும்: 8×42. தனித்தனியாக இரண்டு வாங்கவேண்டாம்.

காரணம் வயது. முன்கண்ணாடி விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42-ல் 5.25 மி.மீ. அறுபதை நெருங்குகிற கண்ணின் பாவை இருட்டிலும் பெரும்பாலும் 5 மி.மீ. அளவுக்குத்தான் விரியும். "இரவுக்கு 7×50 வாங்குங்கள்" என்பார்கள். அதில் 7 மி.மீ. ஒளி வரும், மீதி கருவிழியில் பட்டு வீணாகும். எடை மட்டும் உங்கள் கழுத்துக்கு மிச்சம். 10×50 கையில் ஆடும், ஸ்டாண்ட் கேட்கும்.

வாங்கும்போது: கண்ணாடியோடு பார்ப்பவர்களுக்கு ஐ ரிலீஃப் (கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே விடக்கூடிய தூரம்) 16 மி.மீ.யாவது வேண்டும், ரப்பர் கப்பைத் தாழ்த்தியே பயன்படுத்துங்கள். ஜூம் பைனாகுலர், சிவப்புப் பூச்சு மினுக்குவது, "100×" என்று அச்சடித்தது மூன்றையும் தொடவேண்டாம். கடை வாசலில் நின்று தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். கம்பி இரண்டாகத் தெரிந்தாலோ, பார்த்து இறக்கியதும் கண் இழுப்பதுபோல் இருந்தாலோ இரண்டு குழலும் நேராக இல்லை என்று அர்த்தம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

பலர் செய்யாத வேலை ஒன்று: வலது குழலை மூடி, இடது கண்ணால் நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த எண்ணைக் குறித்துவையுங்கள்.

மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். தோல் உறைக்குள் அலமாரியில் வைத்தால் நிச்சயம் பிடிக்கும். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் வாணலியில் லேசாகச் சூடாக்கினால் ஜெல் மறுபடி உதவும்.

முதல் ஆறு மாதம் சரணாலயம் வேண்டாம். உங்கள் மாடியிலிருந்தே தேன்சிட்டு, செண்பகம், பனங்காடை, கொண்டலாத்தி, வெண்மார்பு மீன்கொத்தி இவற்றைக் குரலோடு அடையாளம் காணப் பழகுங்கள். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், ஆனால் கண்ணால் பார்க்காமல் ஈபேர்டில் (பறவைப் பட்டியல் பதியும் இணையதளம்) ஏற்றாதீர்கள். தூரத்துக் குரலில் அது தடுமாறும். பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஓர் இடத்தில் 15 நிமிடமாவது நின்று பார்த்ததை எல்லாம் எண்ணிப் பட்டியல் இடவேண்டும். புதியவருக்கு நல்ல வாசல். அதன்பின் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம். அரியலூர் மாவட்டம், உங்களுக்குக் கிட்டத்தில். குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்து வருவது அங்கே விசேஷம்.

வானத்துக்கு ஒரு சாய்வு நாற்காலி போதும். கைப்பிடியில் முழங்கையை ஊன்றினால் 8×42-லேயே வியாழனின் நிலவுகள் தெரியும். பௌர்ணமியில் நிலாவைப் பார்க்காதீர்கள், நிழல் இல்லாததால் தட்டையாக இருக்கும். வளர்பிறை ஏழு, எட்டில் பாருங்கள். திருச்சி வானத்தின் சொத்து தெற்குப் பக்கம். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்கு அகத்திய நட்சத்திரம் தெற்கே சுமார் 26 பாகை உயரத்தில் நிற்கும். மே நடுவில் அதே நேரத்தில் தென்சிலுவை 19 பாகையில் நிமிர்ந்து நிற்கும். தெற்குப் பக்கம் தென்னையோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

தொலைநோக்கி ஒரு வருஷம் கழித்து. சனியின் வளையத்துக்கு 25 மடங்காவது பெருக்கம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவசரத்தில் வாங்கும் மலிவான 60, 70 மி.மீ. குழாய்களில் லென்ஸைவிட அதன் முக்காலிதான் ஆடிக் கெடுக்கும். வாங்கினால் 6 அங்குல டாப்சோனியன் (ஆடாத எளிய பீடத்தில் உட்காரும் கண்ணாடித் தொலைநோக்கி).

தந்தி:

முதல் கேள்விக்கு: வீணை. இன்றைக்கே தொடங்குங்கள். மற்ற நான்கும் கண்ணும் நேரமும் கேட்பவை. இது விரல் பழகவேண்டியது. 20 நிமிடம் வீதம் 14 மாதம் போட்டதை, ஓய்வுக்குப்பின் ஒரே மாதத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஈடுகட்ட முடியாது. விரல் புண்ணாகும், அவ்வளவுதான்.

முழங்கால் மடக்க முடியாவிட்டால் தரையில்தான் உட்காரவேண்டும் என்று இல்லை. நாற்காலியும் வீணை ஸ்டாண்டும் போதும். உயரத்தை ஆசிரியர் முன்னால் சரிபாருங்கள், தோள் தூக்கி வாசித்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். முழுதும் ஒரே மரத்தில் கடைந்த ஏகாண்ட வீணை இப்போது தேவையில்லை. ஒட்டு வீணை போதும், பொருத்திய இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எடுங்கள். 24 மெட்டும் (தந்தியை அழுத்தும் குறுக்குக் கம்பிகள்) மெழுகில் உட்கார்ந்திருப்பவை. ஜன்னல் வெயிலிலோ வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ விட்டால் மெழுகு இளகி மெட்டு சாயும், சுருதி எங்கும் சேராது. மறுபடி மெட்டுக் கட்ட ஆளைத் தேடி அலையவேண்டும்.

தோட்டத்தோடு ஒரு சண்டை உண்டு: மண் வேலை செய்த விரலில் தோல் வெடித்து, தந்தியில் சிக்கும். காலையில் முதலில் சாதகம், பிறகு தோட்டம். மாற்றிச் செய்யாதீர்கள். வாசிக்குமுன் இடக்கை ஆள்காட்டி, நடு விரல்களில் துளி தேங்காய் எண்ணெய்.

கல்லெழுத்து:

கல்வெட்டு உங்களுக்கு நடந்துபோகும் தூரம். திருவெறும்பூர் எறும்பீசுவரர் கோயிலிலேயே முற்காலச் சோழர் எழுத்து இருக்கிறது. படி ஏறவேண்டும், முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்-பிராமியில் தொடங்குவது பலர் செய்யும் தவறு. அந்தக் குகைக் கல்வெட்டுகள் ஓரிரு வரிதான், பழகப் போதாது. 11-ம் நூற்றாண்டுச் சோழர் எழுத்தில் தொடங்கி, கை வந்தபின் பின்னோக்கிப் போங்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: சோழர் எழுத்தில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் கிடையாது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ஆகவே எழுத்துக் கூட்டுவதைவிடச் சொல்லை ஊகிப்பதே படிப்பு. "ஸ்வஸ்திஸ்ரீ" தொடக்கம், கிரந்தத்தில் (வடமொழி எழுதும் எழுத்து) இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் வரி எங்கே ஆரம்பம் என்பது தெரிந்துவிடும். அடுத்து "திருமகள் போல" என்று வந்தால் முதலாம் இராசராசன், "திருமன்னி வளர" என்றால் முதலாம் இராசேந்திரன். பிறகு "யாண்டு" (அரசனின் ஆட்சியாண்டு), அதன் பக்கத்தில் எண்: ௨௰௯ என்றால் 29. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். நந்தாவிளக்குக் (அணையாமல் எரியும் விளக்கு) கொடைகளை முதல் பாடமாக வையுங்கள். ஒரே வாய்பாடுதான் திரும்பத் திரும்ப வரும்: சாவா மூவாப் பேராடு (எண்ணிக்கை குறையாமல் காக்கவேண்டிய ஆடு) தொண்ணூறோ தொண்ணூற்றாறோ, நாள்தோறும் உழக்கு நெய், கடைசியில் "பன்மாஹேஸ்வர ரக்ஷை" (சிவனடியார்கள் காக்க என்பது). நாலு நாழிகை செலவழித்தால் ஒரு கல்வெட்டு முடிந்துவிடும். நிலக்கொடைக்குப் பிறகு வாருங்கள். மா, காணி, முந்திரி என்று பின்னம் இறங்கும்போது தலை சுற்றும்.

படம் எடுக்க நேர் வெளிச்சம் ஆகாது. காலை 8 மணிக்குள் அல்லது மாலை 4-க்குப் பின், சுவரை ஒட்டிச் சாய்வாக வெயில் விழும்போது எழுத்து எழுந்து நிற்கும். நிழலான சுவரில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்கக்கூடாது. மைப்படி (தாளை ஒட்டி மையால் எடுக்கும் நகல்) எடுக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும், அந்த ஆசையை விட்டுவிடுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அச்சில் "தென்னிந்தியக் கல்வெட்டுகள்" இரண்டாம் தொகுதியில் உள்ளன. சுவரில் நீங்கள் வாசித்ததை வீட்டில் அதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

மலைக்கோட்டை_பக்கம்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு கணக்கு போட்டேன்: ஆடி முதல் கார்த்திகை தோட்டம், மார்கழி முதல் மாசி பறவை, சித்திரை வைகாசி வானம். வீணை தினம். கல்வெட்டு ஞாயிறு காலை. சரியாக வருமா? 30 பை, 200 லிட்டர் டிரம் – தளம் தாங்குமா?

கூழைக்கடா:

வானத்தைத் தையிலேயே தொடங்கலாம், வடகிழக்கு மழை அடங்கிவிடும். சித்திரையில் இடிமழை மேகம் சில ராத்திரிகளைத் தின்னும். மற்றபடி சரி.

மொட்டைமாடி_மண்:

தைப்பட்டம் பறவைக் காலத்தோடு மோதும். அந்தப் பட்டத்தில் பந்தல் காய் வைக்காதீர்கள். கொடியை வாரம் இரண்டு முறை ஏற்றிக் கட்டவேண்டி வரும். சிறுகீரை, முளைக்கீரை விதைத்தால் 25–30 நாளில் பறித்துவிட்டுப் பையைச் சும்மா போடலாம்.

தளம்: நனைந்த பை 18–20 கிலோ. ஏறிப் புழங்கும் தட்டைக் கூரைக்கு வடிவமைப்பில் வைக்கும் சுமை பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ. 600 சதுர அடியில் பரவலாக 30 பை ஒன்றுமே இல்லை. ஆனால் நெருக்கி அடுக்கினால் ஒரு சதுர மீட்டரில் 9 பை, 160–180 கிலோ. அங்கேதான் தப்பு நடக்கிறது. கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒற்றை வரிசையாக வையுங்கள். டிரம்மை ஸ்லாப் நடுவில் வைக்கவே கூடாது, கீழே தூண் அல்லது சுவர் இருக்கும் மூலையில்தான். பழைய மெட்ராஸ் தளம் (மர உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கியது) என்றால் இந்தக் கணக்கு செல்லாது, பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பை வாங்குமுன் கசிவுச் சோதனை: மழைநீர்க் குழாய் வாயைச் சாக்கால் அடைத்து, தளத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விடுங்கள். கீழே கூரையில் எங்காவது ஈரம் பூத்தால் அதை அடைத்த பிறகுதான் ஸ்டாண்ட். ஆனி மாதத்துக்குள் முடித்தால் ஆடிப்பட்டத்துக்கு நாற்று விட நேரம் இருக்கும். தக்காளி, கத்தரி நாற்று பைக்கு மாற 25–30 நாள் ஆகும்.