மைனஸ் 33 குளிரில் வீட்டுக்கு எத்தனை பீரீயூ (BTU, மணிக்கு எவ்வளவு சூடு தரும் என்ற அளவு) ஹீட்டர்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உவர்மலை அக்கா:
மகன் இருப்பது கனடாவில், வின்னிபெக்கில், போன தை மாதம் அங்கே நின்றேன். காஸ் ஹீட்டர் பழசு, மாற்றத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. விலை சொல்ல வந்தவர் குசினி மேசையில் இருந்தபடியே "எத்தனை சதுர அடி?" என்று கேட்டு, போனில் ஒரு பெருக்கல் போட்டு, "120,000 பீரீயூ போடுவோம், பிறகு குளிருக்குப் பயமே இல்லை" என்றார். அதுதான் இன்னும் மனதில் உறுத்துகிறது. மேல்மாடிக்கு ஏறவில்லை, கூரைக்குக் கீழே சூடு வெளியே போகாமல் தடுக்கிற பஞ்சு எவ்வளவு கிடக்கிறது என்று கேட்கவில்லை. வடக்குப் பக்க அறையில் யன்னல் கண்ணாடியின் உள்பக்கமே ஐஸ் பிடித்திருந்தது, பேரப்பிள்ளை படுக்கிற அறை அது. இப்போது இருக்கிற ஹீட்டரே குப்பென்று எரியும், கூடம் சூடானதும் நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் திரும்ப எரியும், அதற்குள் தூரத்து அறைக்குச் சூட்டுக் காற்று போய்ச் சேராது. இன்னும் பெரிசு போட்டால் இன்னும் கெதியாய் நிற்கும் அல்லவா? மகனை விட்டுக் கேட்பித்தேன். விலை சொல்ல வந்தவர் பதில் சொல்லாமல் ஒப்பந்தத் தாளை நீட்டினார். மகன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பாலையூற்று ஏசி வேலை:
அக்கா கேட்டது சரியான கேள்வி. உப்புவெளியில் ஒரு விடுதி, சின்ன அறைகள், 9,000 பீரீயூ தாராளம். முதலாளி 24,000 தான் வேண்டும் என்று நின்றார். வாடைக்காற்று தொடங்கியதும் கூப்பிட்டார், போனால் படுக்கை விரிப்பைத் தூக்கி என் கையில் தந்தார், குளிர்ந்து நசநசவென்று ஈரமாக இருந்தது. பெரிய மெஷின் அறையை உடனே குளிராக்கிவிட்டு நின்றுவிடுகிறது, காற்றிலுள்ள ஈரம் கொயிலில் (மெஷினுக்குள் இருக்கிற குளிர்ந்த குழாய்ச் சுருள்) தண்ணீராகி வடிய நேரமே கிடைப்பதில்லை. சூடோ குளிரோ, அளவுக்கு மிஞ்சினால் மெஷின் இப்படி வேலை முடியுமுன்பே நின்றுவிடும்.

எட்மன்டனிலிருந்து நிலாவெளிக்கு:
தம்பி, இங்கத்தைய கணக்கை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள். நம் ஊரில் கச்சான் காலத்தில் வெளியே 35, உள்ளே 25, வித்தியாசம் 10 டிகிரி. வின்னிபெக்கில் கணக்குக்கு எடுக்கிற குளிர் மைனஸ் 33, உள்ளே 21, வித்தியாசம் 54. சுவரும் கூரையும் இழக்கிற சூடு இந்த வித்தியாசத்தோடு நேராக ஏறும், அதனால் பஞ்சு குறைந்த கூரையும் கதவு இடுக்கும் அங்கே செய்கிற வேலை வேறு.

நான் அங்கே ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலுள்ள சூட்டை உள்ளே இழுத்துத் தருகிற, கோடையில் ஏசியாகவும் ஓடுகிற மெஷின்) பூட்டிய ஒரு வீட்டில், வெளி மெஷினிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்ப, வீட்டுக்கார அம்மா வாளியோடு ஓடி வந்தார். அது நெருப்பில்லை, மெஷின் தன்மேல் படிந்த உறைபனியை உருக்குகிற நேரம், எழும்பியது நீராவி.

சரி, ஹீட் பம்ப் வாங்குகிறவர்கள் கவனியுங்கள். பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் சூட்டு அளவு வெளியே 8.3 டிகிரி இருக்கும்போது எடுத்தது. குளிர் கூடக்கூட அது தருகிற சூடு குறையும், வீட்டுக்கு வேண்டிய சூடோ கூடும். மைனஸ் 25 இல் எவ்வளவு தரும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள், அதற்கும் கீழே போனால் தாங்க காஸோ கரண்டோ துணைக்கு வையுங்கள். வெளி மெஷினைப் பனி மூடாத உயரத்தில் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். கடுங்குளிருக்குப் பார்த்து ஆகப் பெரிசாக வாங்கினால் கோடையில் தம்பி சொன்ன அதே ஈரப் பிரச்சினை வரும், அங்கேயும் ஆடியில் 30 தாண்டும் நாட்கள் உண்டு. ஆகவே வேகத்தைக் குறைத்து நெடுநேரம் ஓடக்கூடிய மெஷின்தான் நல்லது, அதிலும் ஆகக் குறைந்த வேகத்தில் எத்தனை பீரீயூ தரும் என்று பாருங்கள்.

சாம்பல்தீவு:
அக்கா ஹீட் பம்ப் பற்றிக் கேட்கவே இல்லையே. அவரிடம் இருப்பது காஸ் ஹீட்டர், பதில் பழைய பில்லிலேயே இருக்கிறது. என் தங்கை வீட்டில் இப்படித்தான் பார்த்தோம். தையில் 600 கன மீற்றர் காஸ் போயிருந்தால், ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 36,000 பீரீயூ, மாதத்துக்கு 744 மணி நேரம், பழைய ஹீட்டர் 80 சதவீதம்தான் உள்ளே தரும் என்று வைத்தால் மணிக்குச் சராசரி 23,000 வரும். வின்னிபெக்கின் தை மாதச் சராசரி மைனஸ் 16 அளவில், அதாவது வித்தியாசம் 37. அதை 54க்கு ஏற்றினால் ஏறத்தாழ 34,000. கொஞ்சம் கூட்டி 40,000 என்றே வையுங்கள், 120,000 எங்கே, இது எங்கே! கனடாவில் இதை அறை அறையாகக் கணக்கிட எஃப்280 என்ற தரமுறை இருக்கிறது, அந்தத் தாளைக் காட்டாதவரிடம் கையெழுத்து வேண்டாம். அக்கா, மகனிடம் தை மாதப் பில்லில் எத்தனை கன மீற்றர் என்று மட்டும் கேட்டு இங்கே போடுங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன்.