புதுப்பிப்பு: மணிக்கூட்டு நிலாவை வானத்தோடு பொருத்துவது

கழற்றி வைத்து நின்றுபோன கைமணிக்கூட்டில், முகப்பிலே வளர்ந்து தேயும் நிலாப் படம் வானத்து நிலாவோடு பிசகுவது பற்றி முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது.

முதலில் முள்ளை முன்பக்கமாகச் சுற்றுங்கள். திகதி மாறும் இடம்தான் நள்ளிரவு. அதைத் தாண்டிக் காலை 6.30க்குக் கொண்டுவந்த பிறகே, நிலாவை நகர்த்தும் பக்கப் பொத்தானைத் தொடலாம். பெரும்பாலானவற்றில் இரவு 9 முதல் அதிகாலை 3 வரை திகதிப் பற்கள் கொளுவியிருக்கும். அந்த நேரம் அழுத்தினால் பல் உடையும். பொத்தானை அழுத்தக் குண்டூசி வேண்டாம், வழுக்கி உறையைக் கீறிவிடும்; முனை மழுங்கிய மரக்குச்சியே நல்லது. முழுநிலாவை நடுவுக்கு எடுத்து, கடந்த போயாவிலிருந்து (முழுநிலா நாளிலிருந்து) எத்தனை நாளோ அத்தனை தடவை அழுத்துங்கள்.

நிலாப் படம் உள்ள தட்டுக்கு 59 பல் என்றால் அதில் இரண்டு நிலா, ஒன்றுக்கு 29.5 நாள். வானத்து நிலாவுக்கு உண்மையில் 29.53. ஆகவே இரண்டரை வருடம் கடந்ததும் ஒரு நாள் முந்திவிடும். 135 பல் அமைப்பில் அதற்கு 122 வருடம் எடுக்கும்.

பிறையின் சாய்வைக் கேட்டவர்களுக்கு: வன்னி வானில் இளம்பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும், முகப்பிலோ நிமிர்ந்து நிற்கும். கோளாறு இல்லை, நமக்கு வெகு வடக்கே உள்ள அகலக்கோட்டில் தெரிகிற நிலாவை வைத்து வரைந்த தட்டு அது.

மணிக்கூட்டின் முதுகில் நீர் தாங்கும் அளவு 30 மீற்றர் என்று இருந்தாலும், குளத்தில் இறங்கமுன் கட்டாயம் கழற்றுங்கள்.