புளி, தக்காளி இல்லாமல் அம்மாவுக்கு என்ன சமைப்பது?

வணக்கம் தோழிகளே. அம்மாவுக்கு 62 வயது. ஆறு மாதமாக அடிவயிற்றில் வலி, அரை மணிக்கொரு தரம் சிறுநீர் கழிக்க எழுந்து போகிறார். சோதித்ததில் கிருமித்தொற்று இல்லை. சிறுநீர்ப்பை வலி நோய் என்கிறார் மருத்துவர். புளி, தக்காளி, எலுமிச்சை, மிளகாய், காபி, டீ எல்லாவற்றையும் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் ஒரே பொருள் தொந்தரவு தராதாம்.

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். புளிக்குழம்பு இல்லாமல் அம்மா சாப்பிட்டதே இல்லை. நேற்று பருப்புச்சோற்றை நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்குடி" என்று தட்டை நகர்த்திவிட்டார். மனசே சரியில்லை.

இதுவரை அவர் விரும்பிச் சாப்பிட்டது ஒன்றுதான்: புடலங்காய்ப் பொரிச்ச குழம்பு. பாசிப்பருப்பை மலர வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டு, நெய்யில் உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்தேன். உளுத்தம்பருப்பு நன்றாகச் சிவந்த பிறகு கறிவேப்பிலையைப் போட்டால்தான் அந்த வாசம் வருகிறது. தேங்காய்ப்பால் சொதியைப் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் இல்லாமல் வைத்துப் பார்த்தேன், வெறும் தித்திப்பாக நின்றது.

அந்தச் சொதிக்கு என்ன சேர்த்தால் எடுப்பாக இருக்கும்? புளிக்காத தயிரில் மோர்க்குழம்பு வைத்தவர்கள் உண்டா, ஒத்துக்கொண்டதா? மாவு அதிகம் புளிக்கும் முன்பே இட்லி ஊற்றினால் மெத்தென்று வருமா? முக்கியமாக, ரசத்துக்கு மாற்றாக ஏதாவது இருந்தால் அளவோடு எழுதுங்கள். அம்மா தினமும் கேட்பது அதைத்தான்.