நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயும் நான்காண்டு அனுபவமும்

தறிக்காரன் (கோவை):
மென்பொருள் நிறுவனம் நடத்துவோர் கூடும் குழு ஒன்றில் ஒருவர், "நான்கு ஆண்டு அனுபவம் இல்லாத எவரையும் இனி எடுப்பதாக இல்லை, கல்லூரியிலிருந்து நேராக வருபவர் செய்யும் வேலையைச் செயற்கை நுண்ணறிவே செய்துவிடுகிறது" என்று பெருமையோடு எழுதியிருந்தார். வரிசையாகப் பலர் கைதட்டினார்கள். அந்த நான்காண்டு அனுபவக்காரருக்கு முதலாண்டு வேலையைக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எவனோ சமைத்து வைத்த சோற்றுக்கு இலை போட்டு உட்காருகிறார்கள்.

நூற்பாலைகளின் சரக்கு இருப்பைக் கணக்கு வைக்கும் மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனம் என்னுடையது. மாலையில் அரைமணி நேரம் எங்கள் திரை முடங்குவதற்கான காரணம் மூத்தவர்களுக்குப் பிடிபடவில்லை. பழகுநராக (அப்ரண்டிஸாக) வந்த டிப்ளமோ பெண் ஒருவர்தான், ஷிப்ட் மாறும்போது எல்லாப் பிரிவுகளும் ஒரே நேரத்தில் பதிவு செய்வதால் அப்படி ஆகிறது என்று சொன்னார். அவருடைய தாய் ஆலைத் தொழிலாளி. அந்த அறிவை எந்த அனுபவச் சான்றிதழில் தேடுவது?

செலவைக் காரணம் சொல்வோருக்கு ஒன்று சொல்கிறேன். பட்டதாரிப் பழகுநருக்கான குறைந்தபட்ச மாத உதவித்தொகை 2019ஆம் ஆண்டு விதிகளின்படி 9000 ரூபாய்; தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பதிந்தால் அதில் பாதியான 4500 ரூபாயை மத்திய அரசு ஏற்கிறது. இதற்கு மேலும் சாக்குச் சொன்னால் அது கஞ்சத்தனம்.

சோழிங்கநல்லூரான்:
ஐயா, 4500 ரூபாய் நிறுவனத்தின் கைக்கு வருவதில்லை. 2024 ஜூலையில் அந்தத் திட்டத்துக்குப் புதிய இணையதளம் வந்தபின் அரசின் பங்கு நேரடியாகப் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே செல்கிறது. அடிப்படைக் கணக்கிலேயே பிசகிவிட்டு மற்றவரைக் கஞ்சன் என்கிறீர்கள்.

ஒரு பழகுநர் எழுதும் நிரலைத் தினமும் சரிபார்க்க மூத்தவர் ஒருவரின் இரண்டு மணி நேரம் போகிறது. அந்த நேரத்தின் விலை உங்கள் 4500ஐப் போலப் பல மடங்கு. எல்லாம் கற்றபின் அந்தப் பிள்ளை பெங்களூரிலிருந்து ஓர் அழைப்பு வந்ததும் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போவான். பயிற்றுவித்தவன் நான், அறுவடை செய்பவன் இன்னொருவன்.

தறிக்காரன்:
4500 என் கைக்கு வந்தால் என்ன, பழகுநரின் கணக்குக்குப் போனால் என்ன? என் பையிலிருந்து போகாத பணம் எனக்கு மிச்சமான பணம்தானே? இதைப் புரிந்துகொள்ள ராஜீவ் காந்தி சாலையில் அலுவலகம் வேண்டியதில்லை.

பிள்ளைகள் போய்விடுவதைப் பற்றி: நீங்கள் குறிப்பிடும் பெங்களூர் நிறுவனத்தின் இடத்தில் நேற்றுவரை நீங்களே இருந்தீர்கள். உங்கள் அணியில் எத்தனை பேரை வேறு இடத்தில் பயிற்சி முடித்தபின் இழுத்துக்கொண்டீர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பழைய_பழகுநன்:
இருவரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பணத்தில் ஓராண்டு சென்னையில் வாழ்ந்தவன் நான். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் தொழிலாளி அல்ல என்கிறது. வருங்கால வைப்பு நிதியும் கிடையாது. பயிற்சிக்குப்பின் வேலை தர வேண்டிய கட்டாயமும் இல்லை. 2014ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்கான கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. நான் இருந்த இடத்தில் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி, எக்செல் தாளிலிருந்து எக்செல் தாளுக்குத் தரவை மாற்றுவதுதான். ஆண்டு முடிந்ததும் எங்களை அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தை எடுத்தார்கள். இளையோருக்கு வாய்ப்பு என்று தறிக்காரன் ஐயா பாடும் பாட்டின் மறுபக்கம் இது.

தறிக்காரன்:
கெட்ட முதலாளி ஒருவரிடம் நீங்கள் சிக்கியதற்கு நான் பொறுப்பல்ல, தம்பி. முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. எடுக்காவிட்டால் குறையும் ஒவ்வொருவருக்கும் முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாயும் அதன்பின் மாதத்துக்கு 1000 ரூபாயும் அபராதம். கட்டாயத்துக்காக எடுப்பவன் எக்செல் தாளைத்தான் கொடுப்பான். தேவைக்காக எடுப்பவன் வேலையைக் கொடுப்பான். நான் பேசுவது இரண்டாமவனைப் பற்றி. அவனுக்குத்தான் அந்த 4500 ஊக்கமாக இருக்கிறது.

சோழிங்கநல்லூரான்:
மறுபடியும் 4500! அபராதம் 500 ரூபாய் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மூத்தவரின் நேரத்தை இழப்பதைவிட அபராதத்தைக் கட்டிவிடுவது மலிவு என்று எந்தக் கணக்கரும் சொல்வார். உங்கள் வாதத்தை நீங்களே கவிழ்த்தமைக்கு நன்றி.

குற்றாலச்சாரல்:
கணக்கரைக் கேட்டுத் தொழில் நடத்துவோர் எங்கள் தென்காசிப் பக்கம் ஒருமுறை வந்து போகலாம். எங்கள் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல், மாதம் 10,000 ரூபாய் கொடுத்து, இரண்டாண்டு பயிற்றுவித்து எடுத்துக்கொள்கிறது. அது தருமம் செய்வதற்காகத் தொடங்கிய நிறுவனம் இல்லை. இதே சோழிங்கநல்லூரான்தான் போன மாதம், தென்மாவட்டப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேச வராது என்று எழுதியவர் என்பதையும் அவைக்கு நினைவூட்டுகிறேன்.

சோழிங்கநல்லூரான்:
நான் எழுதியது வாடிக்கையாளருடன் பேசும் பயிற்சியைப் பற்றி. அதை ஊர்ச் சண்டையாக்கியவர் நீங்கள், அண்ணாச்சி. ஜோஹோவைப் போலச் சொந்தப் பொருளை விற்கும் நிறுவனத்துக்கு இரண்டாண்டு காத்திருக்க முடியும். மணிக்கணக்கில் ஆள்களின் உழைப்பை விற்கும் எங்களுக்கு, பழகுநரின் ஒரு மணி நேரத்துக்குக்கூட வாடிக்கையாளர் பணம் தரமாட்டார். இந்த வேறுபாடு அருவியில் குளிப்பவருக்குத் தெரியாது.

குற்றாலச்சாரல்:
அருவியில் குளிப்பவருக்குத் தெளிவாவது இருக்கும்.

பழைய_பழகுநன்:
உதவித்தொகையைத் தகுதிக்கேற்ப 6800 முதல் 12,300 வரை உயர்த்தலாம் என்று, அரசுக்கு ஆலோசனை சொல்லும் மத்தியப் பழகுநர் மன்றம் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. அதை ஆதரிக்கிறீர்களா என்பதற்கு மட்டும் தறிக்காரன் ஐயா விடை சொல்லட்டும்.

தறிக்காரன்:
நான் இப்போதே குறைந்தபட்சத்துக்கு மேல்தான் தருகிறேன். எவ்வளவு என்பதைப் பொதுவில் சொல்ல வேண்டியதில்லை. உயர்ந்தால் அரசின் பங்கும் உயரட்டும். அப்போது 4500 என்பது 6000ஐத் தாண்டும். சோழிங்கநல்லூராருக்கு வேறு சாக்குத் தேட வேண்டிவரும்.

வைகைக்கரை:
நான் மதுரையில் டிப்ளமோ இறுதியாண்டு மாணவன். கோவையில் இடம் இருந்தால் எப்படி விண்ணப்பிப்பது என்று ஐயா சொல்ல முடியுமா?

தறிக்காரன்:
திட்டத்தின் தளத்தில் முதலில் பதிந்து, பதிவெண்ணுடன் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள், தம்பி. டிப்ளமோவுக்கு 8000, அதில் பாதி அரசினுடையது. இவ்வளவு எளிய கணக்கு சிலருக்கு மட்டும் விளங்காதது வியப்பு.

சோழிங்கநல்லூரான்:
அந்தப் பாதி உங்கள் கைக்கு வருவதில்லை என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லையே, ஐயா.