ஒரே தேதியில் கூடும் சிறப்பு நாள்கள்: 'உடன்நாள்' என்னும் சொல்லை முன்வைத்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாட்காட்டிச் செயலி ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கும்போது எழுந்த ஐயத்தைச் சென்ற வாரம் இங்கே முன்வைத்திருந்தேன். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல சிறப்பு நாள்கள் ஆண்டின் ஒரே தேதியில் வந்து கூடுகின்றன. அப்படிக் கூடுபவற்றை ஒன்றுக்கொன்று என்னவென்று சொல்வது என்பதே கேள்வி. வந்த மறுமொழிகளை எல்லாம் படித்தபின் என் முடிவைக் காரணங்களோடு எழுதுகிறேன்.

முதலில், சிக்கல் தொடங்கிய இடம். அந்தச் செயலியில் மார்ச் 14ஆம் தேதிக் கட்டத்தைத் தொட்டால் 'விடுமுறைகள்: 7' என்று வருகிறது. அதைத் திறந்தால் பை நாள் (வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் π என்னும் எண்ணுக்கான நாள்), பன்னாட்டுக் கணித நாள், எஸ்தோனியாவின் தாய்மொழி நாள், ஜப்பானின் வெள்ளை நாள், அந்தோராவின் அரசமைப்பு நாள், ஆறுகளைக் காக்கும் போராட்ட நாள், நம்மூர்க் காரடையான் நோன்பு ஆகிய ஏழும் வரிசையாக நிற்கின்றன. இதைப் பார்த்த என் அக்கா, அன்று பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டா இல்லையா என்று என்னைத் தொலைபேசியில் கேட்டார். அவர் கேட்டதில் பிழை ஏதுமில்லை. பிழை எங்கள் சொல்லில் இருக்கிறது.

விடுமுறை என்றால் வேலையிலிருந்தும் படிப்பிலிருந்தும் விடுபடுவது. இந்த ஏழில் அதற்கு உரியது அந்தோரா ஒன்றுதான். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பிரனீஸ் மலையில் இருக்கும் அந்தச் சிறு நாடு 1993 மார்ச் 14 அன்று வாக்கெடுப்பில் தன் அரசமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது; அந்த நாள் அங்கே அரசு விடுமுறை. எஸ்தோனியாவில் கொடி ஏற்றுவார்கள், ஆனால் அலுவலகங்கள் வழக்கம்போல் நடக்கும். ஆகவே பொதுத் தலைப்பில் 'விடுமுறைகள்' நீங்கிச் 'சிறப்பு நாள்கள்' வரவேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் தேதிப் பக்கங்களில் இச்சொல்லே வழங்குகிறது. வழங்கும் சொல் இருக்கும்போது புதிதாக ஆக்க வேண்டியதில்லை. இந்தத் தலைப்புக்கு வந்த 'குறிநாள்' என்னும் பரிந்துரை 'நாள் குறித்தல்' என்ற நல்ல வழக்கிலிருந்து வந்தது என்றாலும், தாள் கிழிக்கும் நாட்காட்டியில் 'கரிநாள்' என்ற சொல்லைக் கண்டாலே நல்ல காரியத்தைத் தள்ளிப்போடும் வீடுகளில் இந்த ஒலி நெருக்கம் பெரிய குழப்பத்தைத் தரும். பரவலாக அறியப்படாத சிறப்பு நாள்களுக்கென்று தனிச்சொல் கேட்டவர்களுக்கும் என் மறுமொழி இதுவே: ஓரிடத்தில் அறியப்படாதது இன்னோரிடத்தில் எல்லார் வீட்டிலும் நடப்பது என்பதால், அதைச் சொல்லாக்கிப் பட்டியலில் பொறிக்க முடியாது.

உண்மையில் நமக்குச் சொல் இல்லாத இடம் அடுத்த திரை. பை நாளைத் தொட்டுத் திறந்தால் அதன் விவரத்துக்குக் கீழே, அதே தேதியில் வரும் மற்ற ஆறும் ஒரு சிறு தலைப்பின் கீழ் வரும். அந்தத் தலைப்புக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. 'இணைநாள்' என்றால் இரண்டு மட்டுமே என்ற எண்ணம் வருகிறது. வேண்டுமென்றே இணைத்தார்கள் என்ற பொருளும் ஒட்டிக்கொள்கிறது. 'கூட்டுநாள்' என்பது எல்லாரும் சேர்ந்து கொண்டாடுவதாகக் காட்டும். இலங்கை நண்பர் தந்த 'ஒருதிகதி நாள்கள்' பொருளில் மிகச் சரியானது. ஆனால் தமிழ்நாட்டில் தேதி என்றும் இலங்கையில் திகதி என்றும் எழுதும் நமக்கு இருவருக்கும் பொதுவான ஒரு சொல் கிடைத்தால் நல்லது.

என் பரிந்துரை 'உடன்நாள்'. உடன்பிறந்தார் என்னும்போது ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்காமலேயே ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்ற பொருள் வருகிறது; ஒரே தேதியில் பிறந்த நாள்களின் உறவும் அத்தகையதே. மூன்றாம் வேற்றுமைக்கு இலக்கணம் சொல்லும் 'உடனிகழ்ச்சி' என்ற பொருளும் இதற்கு அரண் செய்கிறது. 'பை நாளும் எஸ்தோனியாவின் தாய்மொழி நாளும் உடன்நாள்கள்' என்று சொல்லிப் பாருங்கள். விளக்கம் கேட்காமலே பொருள் விளங்குகிறது.

இந்த இரண்டையும் எடுத்துக்காட்டாகத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பை நாள் 1988இல் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரேட்டோரியம் அறிவியல் அருங்காட்சியகத்தில் இயற்பியலாளர் லாரி ஷா தொடங்கியது. அங்கே பணியாற்றியவர்களும் பார்வையாளர்களும் வட்டமாகச் சுற்றிவந்து, பழம் வைத்துச் சுட்ட, ஆங்கிலத்தில் அதே ஒலியில் 'பை' (pie) எனப்படும் பலகாரத்தை உண்டார்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவதால்தான் பை எண்ணின் தொடக்கமான 3.14 அங்கே மார்ச் 14 ஆகிறது. நாளை முன்னால் எழுதும் நம்மைப் போன்றோருக்கு, பையின் தோராய மதிப்பான 22/7 என்பது ஜூலை 22இல் வருகிறது. அதையும் பை தோராய நாளாகக் கொண்டாடுபவர்கள் இருக்கிறார்கள். எஸ்தோனியாவிலோ அந்தத் தேதி ஓர் இளம் கவிஞனுக்கு உரியது. கிறிஸ்டியான் யாக் பீட்டர்சன் 1801 மார்ச் 14 அன்று பிறந்து, எஸ்தோனிய மொழியில் கவிதை எழுதி, 1822இல் இருபத்தொரு வயதில் இறந்தார். அவர் கவிதைகள் அச்சேறுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. இன்று அவர் பிறந்தநாளே ஒரு நாட்டின் தாய்மொழி நாள். ஒன்று எண்ணிலிருந்து வந்தது, மற்றொன்று ஒரு மனிதரின் பிறப்பிலிருந்து வந்தது. தேதி ஒன்றைத் தவிர இரண்டுக்கும் பொது ஏதுமில்லை. உடன்நாள் என்பதன் தூய பொருள் இதுதான்.

ஆனால் ஏழும் இப்படித் தற்செயலாகக் கூடியவை அல்ல என்பதை இந்த விவாதத்தில் யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுவே மிக முக்கியமாகப் படுகிறது. யுனெஸ்கோ 2019இல் பன்னாட்டுக் கணித நாளை அறிவித்தபோது, ஏற்கெனவே பை நாளாக இருந்த தேதியைத் தெரிந்தேதான் எடுத்துக்கொண்டது. ஜப்பானின் வெள்ளை நாள் வேறு வகையானது. பிப்ரவரி 14 அன்று பெண்களிடம் சாக்லேட் பெற்ற ஆண்கள் சரியாக ஒரு மாதம் கழித்துப் பதில் பரிசு தரட்டும் என்று இனிப்புத் தொழில்துறையினர் 1978இல் வகுத்து, 1980இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாள் அது. கொரியாவில் இன்னும் ஒரு மாதம் தள்ளி ஏப்ரல் 14 அன்று, இரண்டு நாளிலும் பரிசு கிடைக்காதவர்கள் கறுப்புக் குழம்பு ஊற்றிய ஜஜங்மியோன் நூடுல்ஸ் உண்ணும் கறுப்பு நாள் வருகிறது. இவை எல்லாம் வேறொரு நாளைப் பற்றிக்கொண்டு பிறந்தவை. முதலெழுத்தைச் சார்ந்து வருவதைச் சார்பெழுத்து என்பதுபோல, இவற்றைச் 'சார்நாள்' எனலாம். அப்போது கணித நாள் பை நாளுக்குச் சார்நாளாகவும் உடன்நாளாகவும் இருக்கும். வெள்ளை நாள் பிப்ரவரி 14க்குச் சார்நாள், பை நாளுக்கு வெறும் உடன்நாள். இரண்டு உறவுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால் இந்த வேறுபாடு தமிழில் மறைந்துபோகும்.

காரடையான் நோன்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் வருவதால், அது ஆங்கிலத் தேதியில் பெரும்பாலும் மார்ச் 14ஆகவும் சில ஆண்டுகளில் 15ஆகவும் அமைகிறது. சில ஆண்டு அந்த வேளை நள்ளிரவையோ விடியலையோ ஒட்டியும் அமையும். என் பாட்டி நாட்காட்டித் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நேரத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டு, காராமணி போட்ட வெல்ல அடையையும் உருகாத வெண்ணெயையும் இலையில் வைத்தபடி சரடு கட்டிக்கொள்ளக் காத்திருப்பார். அந்த நோன்பை மார்ச் 14 என்று நிலையாகப் பதிவது தவறு. ஆகவே இத்தகைய நாள்களுக்கு உடன்நாள் என்ற தலைப்பு அந்தந்த ஆண்டுக்கு மட்டுமே பொருந்துமாறு செயலியில் அமைக்கக் கேட்டிருக்கிறேன்.

எழுத்திலக்கணம் பற்றி ஒரு கேள்வி மட்டும் மீதம் இருக்கிறது. உடனிகழ்ச்சியைப் போலப் புணர்த்து எழுதினால் 'உடனாள்' ஆகும். விதிப்படி அதுவே சரி என்றாலும், படிப்பவர் 'உடன் ஆள்' என்று பிரித்து, கூட வரும் ஆளாகக் கொள்ள இடமுண்டு. அதனால் 'உடன்நாள்' என்று புணர்க்காமல் எழுதவே விரும்புகிறேன். பன்மையை 'உடன்நாள்கள்' என்று வைத்துள்ளேன். சொற்கோப்பை இந்த மாத இறுதியில் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், புணர்ச்சியிலோ 'சார்நாள்' என்ற சொல்லிலோ மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அதற்கு முன் இந்த இழையிலேயே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.