அண்ணன் ரிமாண்டில் இருக்கிறார், மாத்திரைச் சீட்டு என் கையில் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது?

கருமாத்தூர் தம்பி:

வணக்கம். கோர்ட்டு, ஜெயில், ஆஸ்பத்திரி விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் வழி சொல்லுங்க.

எங்க அண்ணனுக்கு வயசு 36. மனச்சிதைவு நோய். ஒம்பது வருசமா மதுரை பெரியாஸ்பத்திரியில பாத்துட்டு இருக்கோம். ராத்திரி ரெண்டு மாத்திரை, மாசம் ஒரு ஊசி. அது ஒழுங்கா நடந்தா விடியக்காலம் எந்திரிச்சு மல்லிப்பூ பறிச்சு மார்க்கெட் வண்டியில ஏத்திவிடுற வரைக்கும் எல்லாம் அவர்தான் பாப்பார். இந்த வருசம் அப்பா தவறிட்டார். கருமாதி, கடன்னு அலைஞ்சதுல ரெண்டு ஊசி விட்டுப்போச்சு. தப்பு எங்க மேலதான், மறைக்கல.

உசிலம்பட்டி ரோட்டுல வந்த டவுன் பஸ் மேல கல்லை விட்டெறிஞ்சுட்டார். ஹாரன் தன் பேரைச் சொல்லி வையுதாம். முன்கண்ணாடி நொறுங்கி டிரைவருக்கு நெத்தியில ஆறு தையல். பொதுச்சொத்து சேதம்னு 1992-ம் வருசச் சட்டத்துல கேஸ்.

மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தினப்ப நான் வராண்டாவுல நின்னேன். ஒம்பது வருசத்து ஓ.பி. சீட்டும் மஞ்சப்பையில என் கக்கத்துல இருந்துச்சு. "போலீஸ் அடிச்சாங்களா?"ன்னு கேட்டாங்களாம். இல்லைன்னு தலையாட்டியிருக்கார். அவ்வளவுதான். டீ ஆறுறதுக்குள்ள வெளிய கூட்டிட்டு வந்துட்டாய்ங்க. பதினைஞ்சு நாள் ரிமாண்ட். கூட வந்த ஏட்டய்யாகிட்ட சீட்டைக் காட்டினேன். "அதெல்லாம் வக்கீல் வச்சுப் பேசிக்க"ன்னுட்டார்.

நேத்து ஜெயில்ல மனு (கைதியை நேர்ல பாக்குறது) பாக்கப் போனேன். பதினோரு நாளா மாத்திரை இல்லை. என்னைப் பார்த்து "மாட்டுக்குத் தண்ணி காட்டினியாடா?"ன்னார். மாட்டை வித்து ரெண்டு வருசமாச்சு. மாத்திரை அட்டையை நீட்டினேன், வெளி மாத்திரை வாங்க மாட்டோம்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க.

இன்னொண்ணு. "மெண்டல்னு எழுதிட்டா சாகுற வரைக்கும் வெளிய விடமாட்டாங்க, அந்தப் பையைத் திறக்காத"ன்னு சித்தப்பா சொல்றார். அம்மாவும் அதையே பிடிச்சுக்கிட்டு அழுகுது. நெசமா?

உலகனேரி வக்கீலம்மா:

தம்பி, பையைத் திறங்க. இன்னைக்கே.

மூணு விஷயத்தை எல்லாரும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறாங்க. கல்லெறிஞ்ச நேரத்துல தான் செய்யறது என்னன்னு தெரியாத நிலையில இருந்தாரா என்பது முதல் கேள்வி. பழைய இ.பி.கோ. 84, இப்போ பாரதிய நியாய சன்ஹிதா 22-ஆம் பிரிவு. நிரூபிக்கிற பாரம் நம்ம பக்கம், அதெல்லாம் விசாரணையில வரும். இப்போ வழக்கை எதிர்கொள்ள முடியுமா என்பது ரெண்டாவது. மூணாவது சிகிச்சை. அதுக்கு முதல் ரெண்டும் முடிவாகணும்னு அவசியமே இல்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 103 கைதிகளுக்காகவே இருக்கு. ஜெயில் மருத்துவப் பிரிவுல மனநல வார்டுக்கு மாத்தணும், அங்க இல்லைன்னா வெளியில மனநல மருத்துவமனைக்கு அனுப்பணும்.

ரிமாண்ட் பண்ணின கோர்ட்டுலயே ஒரு மனு போடுங்க: இவருக்கு இந்த நோய், இந்த மருந்து, ஜெயில் டாக்டர் பரிசோதிச்சு மருந்தைத் தொடரணும், அறிக்கை தாக்கல் பண்ணணும். மாஜிஸ்ட்ரேட் நினைச்சா பத்து நாளுக்கு மிகாம மனநல மருத்துவமனையில வச்சுப் பரிசோதிக்கவும் அதே மனநலச் சட்டத்தோட 102-ஆம் பிரிவு இடம் தருது. சீட்டு ஜெராக்ஸ் ஒரு செட் கோர்ட்டுக்கு, ஒரு செட் ஜெயில் சூப்பிரண்டுக்கு, ஒண்ணு ஸ்டேஷனுக்கு. ஒரிஜினலை யாருக்கும் கொடுக்காதீங்க. ஏட்டய்யா தட்டிக்கழிச்சது தப்பு. முன்னாடியே மனநோய் இருந்தது தெரிஞ்சா மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தி அதைக் கோர்ட்டு முன்னாடி வைக்கிறது விசாரணை அதிகாரி கடமைன்னு 2007-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு.

வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். காவல்ல இருக்கிறவருக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் போங்க, இல்லைன்னா 15100-க்கு அடிங்க.

சித்தப்பா பயத்துக்கு வர்றேன். முழுக்கப் பொய்ன்னு சொல்ல மாட்டேன். அசாம்ல மச்சல் லாலுங்னு ஒருத்தர். 1951-ல பிடிச்சுட்டுப் போய் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. 1967-ல குணமாயிட்டார்னு டாக்டர்களே சொன்னப்புறமும் வீட்டுக்கு விடாம ஜெயிலுக்கு மாத்தினாங்க. வெளிய வந்தது 2005-ல. 54 வருசம்! ஆனா அவரை உள்ள வச்சது நோய்ங்கிற காகிதம் இல்லை தம்பி. அவர் கேஸை எடுத்து "இது என்னாச்சு?"ன்னு கேக்க ஆளில்லாததுதான். உங்க அண்ணனுக்கு நீங்க இருக்கீங்க.

ஓய்வு கம்பவுண்டர்:

தெற்கத்திச் சீமையில ஒரு ஜெயில் ஆஸ்பத்திரியில இருபது வருசம் இருந்தவன். பேர் ஊர் வேணாம்.

வெளி மாத்திரையை வாங்காதது சரிதான். அட்டைக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஆனா சீட்டை வாங்கிக்கலாம். அதைப் பாத்து அதே மருந்தை ஜெயில் டாக்டர் எழுதலாம். அதனால "மாத்திரை கொடுக்கணும்"னு கேக்காத. "டாக்டரைப் பாத்து சீட்டைக் கொடுக்கணும்"னு கேளு.

உள்ள என்ன நடக்கும்னா, சத்தம் போடுறவனை உடனே கவனிப்போம், ஏன்னா மத்தவன் தூக்கம் கெடுது. சுவரைப் பாத்துப் பேசாம உக்காந்திருக்கிறவனை "நல்ல பய, தொந்தரவு இல்லை"ன்னு விட்ருவோம். நானே விட்ருக்கேன். ஒருத்தன் எட்டு நாள் சோத்தைப் பக்கத்துல இருந்தவனுக்குத் தள்ளிவிட்டுக்கிட்டே இருந்தான். வேட்டி இடுப்புல நிக்காதப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சது. ஜெயில் டாக்டர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுக்கணும்னு இப்போ சட்டத்துல எழுதியிருக்கு, நல்லது. ஆனா வரிசையில நிக்கிற அம்பது பேரை ஒரு டாக்டர் எத்தனை நேரம் பாப்பார்? பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப எழுதினாலும் வழிக்காவலுக்குப் போலீஸ் வரணும். பந்தோபஸ்து நாள்ல வரமாட்டாங்க. ஊசித் தேதி சாமி ஊர்வலத்தைப் பாத்தா வருது?

உங்க அண்ணன் சோறு எடுக்கிறாரா, தூங்குறாரான்னு அடுத்த மனுவுல அவர்கிட்ட கேக்காத. கூட இருக்கிற கைதிகிட்ட கேளு.

ஸ்டியரிங் மாமா:

கோவிச்சுக்காதப்பா. இருபத்தேழு வருசம் பஸ் ஓட்டுனவன் நான். கல்லெறிஞ்சவனுக்கு ஆஸ்பத்திரி, வக்கீலம்மா, ஜெயில் சூப்பிரண்டு. கல்லடி பட்டவனுக்கு என்ன? அம்பது பேரை வச்சு ஓட்டும்போது கண்ணுல கண்ணாடித் தூள் விழுந்தா எப்படி இருக்கும்னு எறிஞ்சவனுக்கும் தெரியாது, சட்டம் எழுதினவனுக்கும் தெரியாது. வெளிய விட்டப்புறம் மறுபடி ஊசி தள்ளிப்போனா?

உலகனேரி வக்கீலம்மா:

நியாயமான கேள்வி, மாமா. சட்டமும் அதைத்தான் கேக்குது. வழக்கை எதிர்கொள்ள முடியாத நிலையில இருக்கார்னு கோர்ட்டு கண்டா, ஜாமீன் கிடைக்காத பிரிவா இருந்தாலும் ஜாமீன்ல விடச் சொல்லுது பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 369-ஆம் பிரிவு. ஆனா உள்நோயாளியா வைக்கவேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. வெளிநோயாளியா ஒழுங்கா வைத்தியம் பாப்போம், தனக்கோ பிறத்தியாருக்கோ தீங்கு வராமப் பாத்துக்குவோம்னு சொந்தக்காரரோ நண்பரோ உறுதி கொடுக்கணும். தம்பி, அந்தக் கையெழுத்தை நீங்கதான் போடணும். யோசிச்சுப் போடுங்க.

அப்புறம் ரிமாண்ட் நீட்டிக்கிறதை வீடியோவுல முடிச்சுருவாங்க. அந்தச் சின்னப் பெட்டியில கை நடுக்கம் தெரியாது. நேர்ல ஆஜர்படுத்தணும்னு மனுவுலயே கேளுங்க.

கருமாத்தூர் தம்பி:

ஸ்டியரிங் மாமா, அந்த டிரைவர் அண்ணனை மூணாம் நாளே போய்ப் பாத்தேன். திட்டினார், வாங்கிக்கிட்டேன். கிளம்பும்போது "ஊசிக்குத் தேதி என்னைக்கு?"ன்னு கேட்டார். அந்தத் தேதி எனக்கே சட்டுன்னு வரல.

இப்போ நிலவரம் சொல்றேன். சட்ட உதவியில ஒரு அக்கா வக்கீல் வந்தாங்க. மனு போட்டு, அறிக்கை கேட்டு உத்தரவாச்சு. ஜெயில் டாக்டர் சீட்டைப் பாத்து மருந்து எழுதிட்டார்னு சொல்றாங்க. நேர்ல ஆஜர்படுத்தினப்ப மாஜிஸ்ட்ரேட் அம்மா "மாத்திரை சாப்பிடுறீங்களா?"ன்னு கேட்டாங்க, தலையாட்டினார். முதல் நாளே இதைக் கேட்டிருந்தா அவரும் தலையாட்டியிருப்பார், நானும் வராண்டாவுல இருந்து பையோட ஓடியிருப்பேன். அடிச்சாங்களான்னு கேக்குற வாய்க்கு இன்னொரு கேள்வி பாரமா என்ன?

நேத்து மனுவுல அண்ணன் முகம் கொஞ்சம் தேவலை. "நம்ம மாத்திரை மஞ்சள்ல இருக்கும், இங்க வெள்ளையா தர்றாய்ங்க, அதே மருந்துதானா கேளு"ன்னார். கம்பவுண்டரய்யா, நிறம் மாறுமா?

ஓய்வு கம்பவுண்டர்:

கம்பெனி மாறினா நிறம் மாறும், மருந்து அதே. ஆனா பேரையும் மில்லிகிராமையும் டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்க.

கருமாத்தூர் தம்பி:

சரிங்கய்யா. செவ்வாய்க்கிழமை வாய்தா. ஜாமீனுக்கு ரெண்டு பேர் வேணும்னாங்க. தாய்மாமா ஒருத்தர் வர்றார். இன்னொருத்தர் சித்தப்பாவேதான். காலையில இருந்து வீட்டுவரி ரசீதைத் தேடிட்டு இருக்கார்.